சவர்க் கிணற்றில் நிரப்பிய பசளை

புங்குடுதீவில் எங்கள் பின்வளவில் ஒரு முழம் மண் இல்லை. மண்வெட்டியை ஓங்கினால் கல்லில்தான் படும். எருவும் குப்பையும் போட்டு மக்க வைக்கும் கூட்டுப்பசளைக்குக் கிடங்கு வெட்டித் தரச் சொன்னபோது என் புருஷன் கல் பெயர்க்கும் அலவாங்கை என்னிடமே நீட்டினார். "நீரே வெட்டும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்டாமலே ஒரு கிடங்கைக் கண்டுபிடித்தேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால், தண்ணீர் சவர், வாயில் வைக்க உப்புக் கரிக்கிறது என்று எப்போதோ கைவிட்ட கிணறு ஒன்று கிடந்தது. ஆழமில்லை, கோடையில் வற்றிவிடும். கோழி எச்சம், மரக்கறித் தோல், மீன் செதில், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினேன். எரு ஒரு படை, அதன் மேல் காய்ந்த பூவரசம் இலை ஒரு படை. கோடை முழுக்க இதுதான் வேலை. "பாரும், அலவாங்கு தூக்காமலே பசளை" என்று அவரை நக்கலடித்தேன்.

நாங்கள் குடிக்கிற கிணறு முன்பக்கம், வீட்டுக்கு அந்தப்புறம் இருந்தது. தீவுக் கல் முழுக்க ஓட்டை. கீழே இரண்டு கிணற்றுக்கும் வழி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அது விசர்த்தனம். வேறு பெயர் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை என் தங்கச்சி இரண்டு மாதக் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பால் போதவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை வாளியை இழுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, தண்ணி மணக்குதெல்லே?"

"மழைக்கு அப்பிடித்தான். நல்லாக் கொதிக்க வை."

கொதிக்க வைத்துக் கொடுத்தாள். கொடு என்று சொன்னது நான்.

பத்து மணிபோல் குழந்தையை நிறுக்க மிட்வைஃப் வந்தார். குசினிக் குடத்தை மணந்து பார்த்துவிட்டு, கோழி எருவை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். சவர்க் கிணற்றில் மழைத் தண்ணீர் பாதிக்கு ஏறி, கறுப்பாய் நுரைத்துக் கிடந்தது.

"விசரோ உங்களுக்கு? கிணத்துக்கையோ கொட்டினனீங்கள்?"

"தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தனாங்கள்."

"கொதிச்சாக் கிருமிதான் சாகும். எருவிலை இருந்து வாற உப்புப் போகாது, இன்னும் தடிக்கும். அது கைக்குழந்தையின்ரை இரத்தத்திலை ஏறினா உடம்பு நீலம் பாயும். சொண்டைப் பாருங்கோ."

பார்த்தோம். வாசலில் பிடித்தால் உதடு சிவப்பு. அறைக்குள் கொண்டுபோனால் நீலம். "எனக்கும் சொல்ல ஏலாமக் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ" என்றார் மிட்வைஃப்.

கடல்பாலத்தில் ஓட்டோவுக்குள் மழை அடித்தது. குழந்தை நித்திரை. நித்திரைதானா என்று பார்க்கக் கன்னத்தில் கை வைத்தேன்.

"தொடாதேங்கோ" என்றாள் தங்கச்சி. குழந்தையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் ஏதோ மாட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அந்தத் தண்ணீர் இனி ஒரு சொட்டும் கூடாது என்றார்கள். தங்கச்சி அங்கிருந்தே மாமி வீட்டுக்கு வெளிக்கிட்டாள்.

"எப்ப வருவாய்?" என்று கேட்டேன்.

"தண்ணி நல்லமெண்டு சோதிச்ச கடதாசித் துண்டைக் காட்டுங்கோ, வாறன்."

நானும் என் புருஷனுமாகச் சவர்க் கிணற்றை இறைத்து, அடிக்கல் தெரியச் சுரண்டினோம். இப்போது எருவைச் சீமெந்துத் தரையில் குவித்து, தகரக் கூரை போட்டு வைத்திருக்கிறேன். குடிக்கிற கிணற்றுத் தண்ணீரை இரண்டு தரம் சோதனைக்குக் கொடுத்தேன். இரண்டு தரமும் குடிக்கக் கூடாது என்றே எழுதி வந்தது. மூன்றாவது போத்தல் கழுவி வெயிலில் காய்கிறது. அதை நிரப்பப் பயமாக இருக்கிறது.