உயிர்த்தண்ணி யாருக்கு

நான் எழுதுகிற மாயாஜாலக் கதைகளில் செத்தவன் செத்தவன்தான். எந்த முனிவரும் வந்து எழுப்ப மாட்டார், எந்த மூலிகையும் வேலை செய்யாது. ஏன் என்று யாராவது கேட்டால், "கதைன்னா ஒரு கட்டுப்பாடு வேணும்ல" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உண்மையான காரணம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் இருக்கிறது.

ரெண்டாயிரங்களின் கடைசி. கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏழாயிரம்பண்ணையிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதும் பெட்டிகளை அடுக்குவதும் வேலை. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் ஒரு மாயாஜால சீரியல் ஓடும். ஒரு வாரம் சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. திங்கட்கிழமை ஷெட்டில் எல்லோரும் எதையோ பறிகொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்த்துவிட்டேன் என்று கூசாமல் புளுகினேன். மத்தியானத்துக்குள் ஒரு ராஜ்ஜியம் எழும்பிவிட்டது. சாயங்காலம் வேன் ஏறும்போது ராசா மகன் நெருப்பு நாகத்தைத் தேடி மலை மலையாக ஏறிக்கொண்டிருந்தான்.

சாத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் சீரியலைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி மறுநாள் காலையில் என்னைப் போட்டுக்கொடுத்தாள். "இவ சொன்னதுல ஒண்ணுகூட அதுல வரல." யாருக்கும் கோபம் வரவில்லை. "அது கெடக்கு, நீ சொல்லு புள்ள" என்றார்கள். எனக்குக் கிடைத்த முதல் விருது அதுதான். பிறகு கிடைத்ததெல்லாம் சால்வை.

ஆனால் சும்மா கேட்டுவிட மாட்டார்கள். குறிப்பாக என் மதினி, பெரியப்பா மகனைக் கட்டியவள். அவளுக்கு வாய் நீளம்.

"அந்த நாகம் எங்கன இருக்கு?"

"அரண்மனைக்கு அடியில, சொரங்கத்துல."

"பக்கத்துல?"

"ஆயுதக் கிடங்கு."

ஷெட்டில் எல்லாக் கையும் நின்றது. "ஏட்டி, நெருப்ப மூச்சா விடுறதக் கொண்டுபோயிக் கிடங்குக்குப் பக்கத்துலயா கட்டிப்போடுவான்? எந்தக் கூறுகெட்ட ராசாட்டி அவன்? அந்த ஊர்ல இன்ஸ்பெக்சனே கெடையாதா?"

நாகத்தை ஊருக்கு வெளியே மாற்றினேன். சுற்றிலும் காய்ந்த புல் இருக்கக்கூடாது என்றார்கள், செதுக்கினேன். மண் வாளி எங்கே என்றார்கள், வரிசையாக வைத்தேன். உலகத்திலேயே பாதுகாப்பு ஏற்பாடுகளோடு வாழ்ந்த நெருப்பு நாகம் என்னுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்து குதிரை. பறக்கிற குதிரையை வைத்துக்கொண்டு அவன் எதற்கு மலையை நடந்து தாண்டினான்? குதிரைக்குக் காலில் அடி என்றேன். பறக்க எதுக்குட்டி காலு? றெக்கையில் அடி என்றேன். "இப்பத்தான காலுன்ன?" என்று மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். படைக்கு யார் பொங்கிப் போடுவது, மாய மாளிகையை யார் கூட்டுவது, எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் ரெண்டு திறக்கும். பின்னாளில் பேர்பெற்ற மாயக் கதைகளைப் படித்தபோது அதிலெல்லாம் லாரியே போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. பாவம், அவர்களுக்கு மதினி வாய்க்கவில்லை.

தீபாவளி சீசன் முடிந்து புது ஆர்டருக்கு வேலை ஆரம்பித்தபோது ஓர் அக்கா புதிதாக வந்து சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தவர், சத்தத்தில் போய்விட்டார். நாங்கள் விபத்து என்று சொல்வதில்லை, சத்தம் என்போம். தூரத்தில் கேட்டால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் என்று காதைக் கொடுப்போம். எவள் வீட்டு ஆள் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறாரோ, அவள் முகத்தை மட்டும் யாரும் பார்க்க மாட்டோம். அது எங்கள் வழக்கம்.

அந்த அக்கா எனக்கு எதிரேதான் உட்காருவாள். கதை முழுவதையும் கேட்பாள். குதிரையைப் பற்றியோ படையைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு வாரக் கடைசியில் நாகத்தின் மூச்சில் எரிந்து ராசா மகன் செத்துப்போனான். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் யாரும் பதறவில்லை, எப்படியும் எழுந்துவிடுவான் என்று தெரியும். அதற்கு உயிர்த்தண்ணி ஊறும் சுனை ஒன்றை முன்கூட்டியே ரெடி பண்ணி வைத்திருந்தேன். தளபதி செம்பில் தண்ணியோடு திரும்பும்போது அந்த அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அந்தத் தண்ணிய வேற ஆருக்காச்சும் குடுத்திருக்காகளா?"

"இல்லக்கா. ஒரு கை தண்ணிதான் ஊறும். ஒருத்தருக்குத்தான் காணும்."

"நாகத்துகிட்ட காவக்காரன் ஒருத்தன் செத்தான்ல. வெளக்கேத்துற பொம்பளையும் செத்தா. அவுகளுக்கெல்லாம்?"

அந்த ரெண்டு பேரையும் நானே மறந்துபோயிருந்தேன். கதை சூடுபிடிக்கட்டும் என்று சாகவிட்ட ஆட்கள். "இவன் ராசா மகன்லக்கா" என்றேன்.

அவள் "செரி" என்று சொல்லிவிட்டு லேபிளை எடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்காராமல் தூக்குச்சட்டியோடு தனியாக வேப்பமரத்தடிக்குப் போனாள். அன்றைக்கு வேனில் மதினி என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேலிப் பேச்சைக் காணோம்.

"அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதிலச் சொல்லு. குதிரைக்கு மழுப்புன மாதிரி மழுப்புன, வகுந்துருவேன். பதில் இல்லையா, கதைய நிப்பாட்டு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சுனையையே சுற்றிவந்தேன். சுனையைப் பெரிதாக்கி, காவக்காரன், விளக்கேற்றுகிறவள், ராசா மகன் எல்லோரையும் எழுப்பிவிடலாமா என்று யோசித்தேன். என்னிடம் தண்ணிக்கா பஞ்சம்? ஆனால் அங்கே அத்தனை பேரும் எழுந்து வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் வேனை விட்டு இறங்கி அந்த அக்கா மட்டும் வெறும் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அது இன்னும் பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. அழுகை அழுகையாக வந்தது. ராசா மகன் மேல் எனக்கே ஓர் இது உண்டு.

திங்கட்கிழமை சொன்னேன். "தண்ணிய வாயில ஊத்துனாக. எந்திரிக்கல."

"என்னட்டி எந்திரிக்கல? தண்ணி பழசா?"

"அது சும்மா தண்ணி. செத்தவுகள எழுப்புற தண்ணின்னு எங்கனயும் ஒண்ணு கெடையாது. இருக்குன்னவன் பொய் சொல்லிட்டான்."

ஷெட்டே என் மேல் பாய்ந்தது. இம்புட்டு நாள் உசிரக் குடுத்துக் கேட்டதுக்கு இதுதானா? நீ நல்லா இருப்பியா? ஒருத்தி காலிப் பெட்டியைத் தூக்கி என் மேல் எறிந்தாள். சூப்பர்வைசர் வெளியிலிருந்து, "அங்கன என்ன சத்தம்?" என்று அதட்டினார். அவரவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

அப்போது எதிரிலிருந்த அக்கா தலை நிமிர்ந்தாள்.

"அவனுக்குப் பொண்டாட்டி உண்டா?"

அதுவரை அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. "உண்டுக்கா" என்றேன். மதினி குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு மொகத்தக் காட்டுனாகளா?"

இந்த அக்காவின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். எம்புட்டோ கத்திப் பார்த்தாளாம், கட்டை அவிழ்க்க விடவில்லை. ஷெட்டில் அது தெரியாத ஆள் கிடையாது.

"காட்டுனாகக்கா. துணிய வெலக்கிக் காட்டுனாக. எம்புட்டு நேரம் பாக்கணுமோ அம்புட்டு நேரம் பாத்தா. ஆரும் அவசரப்படுத்தல."

"எப்பிடி இருந்துச்சு?"

"அப்பிடியே இருந்துச்சுக்கா. மீசகூடக் கருகல."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். மதினி பசைக் கிண்ணத்தை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். நெருப்பில் செத்தவனுக்கு மீசை எப்படிக் கருகாமல் இருக்கும் என்று அந்த ஷெட்டில் ஒருத்தியும் கேட்கவில்லை.