முப்பத்திரண்டு கம்பிகளில் ஒரு பின்சக்கரம்

யுத்த காலத்தில் நான் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். உள்ளே வார்டில் வேலை பார்ப்பவர்கள் சிலர். வீடுவீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர்கள் சிலர். வெளிவேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, வெந்நீர் போடச் சொல்லி, வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பி, அந்த அறையை என் கைக்குள் கொண்டுவருவதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. வார்டில் அது கிடைக்கவில்லை.

வெளிவேலைக்குச் சைக்கிள் வேண்டும். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார நர்ஸிடமிருந்து பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். புடவை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கயிற்று வலை கட்டிய வண்டி. என் கணவர் ராணுவக் கணக்கு இலாகாவில் பூனாவில் இருந்தார். வீட்டில் நானும் அவருடைய அக்காவும் மட்டும். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்து, பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

"ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, 'உங்க வீட்டுப் பொண்ணு சைக்கிள்ல பறக்குதாமே'ன்னு என்னைத்தான் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?" என்பார்.

"பறக்கலை, மிதிக்குதுன்னு சொல்லுங்க அண்ணி."

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, ஒக்கலிபுரம் ரயில் பாலத்துக்குக் கீழே வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த ராணுவ லாரி ஒன்று பெரிதாக ஹாரன் அடித்தது. எனக்கு முன்னால் நின்றிருந்த ஜட்காவின் குதிரை மிரண்டு பின்னால் வந்தது. நான் குதித்துத் தப்பினேன். சைக்கிள் தப்பவில்லை. ஜட்காவின் சக்கரம் என் பின்சக்கரத்தின்மேல் ஏறி இறங்கியது. தூக்கி நிறுத்தியபோது வட்டமாக இருந்தது எட்டாக முறுக்கிக்கொண்டிருந்தது. ஜட்காக்காரர் பாவம், கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, என்னையும் சைக்கிளையும் கடைத்தெரு வரை கொண்டுவந்து விட்டார்.

சைக்கிள் கடைக்காரர் உருது கலந்த தமிழ் பேசுபவர். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிம் போயிடுச்சும்மா. பில்குல் போயிடுச்சு. இதுக்குப் பெண்டு எடுக்க முடியாது."

"அப்போ புது ரிம் போடுங்க."

"எங்கேர்ந்து? கப்பல் வந்தாத்தானே ரிம் வரும். வர்றதும் மிலிட்டரிக்கே போவுது."

அவர் தலைக்கு மேலே ஆணியில் ஒரு ரிம் தொங்கிக்கொண்டிருந்தது. "அது என்ன?" என்றேன்.

"அது முன்சக்கரத்து ரிம், அம்மா. முப்பத்திரண்டு துளை. பின்னாடி உங்க ஹப்புல நாப்பது துளை. சேராது."

அந்தக் காலத்துச் சீமை சைக்கிள்கள் அப்படித்தான். முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி. பாரம் தாங்குகிற பின்சக்கரத்துக்கு நாற்பது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலும் சுற்றியுள்ள ரிம்மிலும் அதே கணக்கில் துளைகள் இருக்கும். என் ஹப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

"ஹப்புல எட்டுத் துளையைச் சும்மா விட்டுட்டா என்ன?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். "விட்டா கம்பியெல்லாம் கோணலா நிக்கும். ஒண்ணு இழுக்கும், ஒண்ணு தொங்கும். இறக்கத்துல மடங்கிச்சுன்னா விழறது நீங்க, ஜனங்க கைகாட்டறது என் கடையை. நான் பண்ண மாட்டேன்மா."

"நானே பண்ணிக்கிட்டா?"

அவர் ஸ்டூலில் ஏறி ரிம்மைக் கழற்றிக் கொடுத்தார். கம்பியின் திருகை முடுக்கும் சின்னச் சாவியையும் இரவலாகத் தந்தார். "சாவி பத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். "சைக்கிள் இல்லாமல் வெளிவேலை எப்படிம்மா நடக்கும்? மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் உன்னை வார்டுக்கு மாற்றிவிடுவேன். வேறு ஆளைப் போட்டுத்தான் ஆகவேண்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

ஆனால் ஒக்கலிபுரத்தில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். ரயில் பாதையில் வேலை பார்ப்பவரின் மனைவி. இரண்டு குழந்தைகளைப் பிரசவத்திலேயே பறிகொடுத்தவள், இது மூன்றாவது. ஆஸ்பத்திரியில் வந்து படுத்துக்கொள் என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. முதல் குழந்தை ஆஸ்பத்திரியில்தான் போனது. "நீங்க வந்தா வலியைப் பொறுத்துக்குவேன். வேற யாரும் வேணாம், நர்ஸம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சரி என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை முற்றத்தில் உட்கார்ந்து பழைய சக்கரத்தைப் பிரித்தேன். நாற்பது கம்பிகளில் ஏழு வளைந்துபோயிருந்தன. மிச்சமிருந்தவை நேராக இருந்தன. எனக்குத் தேவையானதற்கு மேல் ஒன்று. அதுவே பெரிய தைரியமாக இருந்தது. சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டமும் நடுவில் ஒரு சின்ன வட்டமும் போட்டேன். ஹப்பில் ஒரு பக்கத்துக்கு இருபது துளை, ரிம்மில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு. ஹப்பில் நான்கு துளைகளில் கம்பி கோத்து ஐந்தாவதை விட்டுவிட வேண்டும். மறுபடி நான்கு, மறுபடி ஒன்றை விட வேண்டும். அப்படிச் சுற்றி வந்தால் கணக்குச் சரியாக முடிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி எதன் மேலே போகிறது, எதன் கீழே நுழைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோத்தேன். முதல் தடவை முழுக்கவும் தலைகீழாக வந்தது. பிரித்தேன். அடுத்த தடவை பாதியிலேயே தப்பு தெரிந்தது. அதையும் பிரித்தேன்.

அண்ணி அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். "முற்றம் பூரா எண்ணெயாக்கிட்டே. பத்து விரலும் கறுப்பு. இந்தக் கையோட பிரசவம் பாப்பியா?"

"சோப்பு போட்டுக் கழுவினா போயிடும் அண்ணி."

ஒருவழியாகச் சக்கரம் வட்டமாக நின்றது. சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றிவிட்டேன். கண்ணுக்கு ஆட்டம் தெரியவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அப்போதே புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனை தாண்டி இறக்கத்தில் போகும்போது பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பிறகு சக்கரம் ஃபோர்க்கில் உரசத் தொடங்கியது. கடைசியாக டியூபும் வெடித்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பினேன். கோயில் வாசலில் பாடகர் குழுப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டயரைக் கழற்றியதும் டியூப் ஏன் வெடித்தது என்று புரிந்தது. ஒவ்வொரு நான்கு கம்பியிலும் நடு இரண்டும் அளவாக இருந்தன. ஓரத்து இரண்டும் நீளம் கூடி, திருகைத் தாண்டி ஒரு அரிசி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் டியூபைக் குத்தியிருக்கின்றன. அரம் கொண்டு ஒவ்வொன்றாக ராவித் தேய்த்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டேன். அது சுலபமான வேலை. ஆனால் கம்பிகள் ஏன் தளர்ந்தன என்பது புரியவில்லை. எல்லாத் திருகையும் ஒரே அளவுதானே முடுக்கினேன்?

விரலால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தேன். ஒன்று கணீரென்றது, ஒன்று தகரம் மாதிரி தட்டியது. மறுபடி முடுக்கினேன், மறுபடி சுண்டினேன். மறுநாள் சாயங்காலம் முழுக்கவும் இதே வேலை.

உள்ளே ஆர்மோனியத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்த அண்ணி, துருத்தியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

"எதுக்குடி அதை இப்படிச் சித்திரவதை பண்றே? காது கொடுத்துக் கேக்க முடியலை. இப்ப தட்டினியே, அது இறங்கி நிக்குது. ஏத்து."

"எதை?"

"அதைத்தான். பக்கத்துல இருக்கறதை விட ஒரு சுரம் கீழ. உனக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. முடுக்கினேன். "இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்து" என்றார். அடுத்ததைச் சுண்டினேன். "இது ஏறிப்போச்சு, இறக்கு." நின்றுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் ஒரே சுரத்தில் நிறுத்தினோம். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பாம்பு மாதிரி நெளிந்தது.

நான் சாவியைக் கீழே வைத்துவிட்டேன். "சுருதி சேர்ந்தா வட்டம் கோணுது. வட்டத்தைச் சரி பண்ணினா சுருதி போகுது. கடைக்காரர் சொன்னது சரிதான் அண்ணி."

"அவர் சொன்னது இருக்கட்டும். நீ வட்டத்தைச் சரி பண்ணு. நான் கேக்கறேன்."

வட்டத்தைச் சரிசெய்தேன். அண்ணி தானே விரல் நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கான கம்பிகளை வரிசையாகச் சுண்டிக்கொண்டு போனார். பாதி சுற்றில் நிறுத்தி முதலிலிருந்து மறுபடி சுண்டினார்.

"இங்க பாரு. ஓரத்துக் கம்பியெல்லாம் ஒரு சுரம் கேக்குது, நடுக் கம்பியெல்லாம் வேற சுரம் கேக்குது. எல்லாத்தையும் ஒண்ணா இழுக்காதே. ஓரம் ஓரத்தோட சேரட்டும், நடு நடுவோட சேரட்டும்."

அப்படியே செய்தோம். ஓரத்துக் கம்பிகளை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைத்தோம். பிறகு நடுக் கம்பிகளை. சக்கரம் நெளியாமல் நின்றது. தெருவில் தளர்வது இங்கேயே தளரட்டும் என்று கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து நன்றாக அழுத்தினேன். 'டிங்' சத்தம் எல்லாம் முற்றத்திலேயே வந்து தீர்ந்தது. மறுபடி சுருதி பார்த்தோம். அண்ணிக்குத் திருப்தி வரும்வரை விடவில்லை. அவருக்கு லேசில் திருப்தி வராது.

ஆனால் மறுபடியும் நடுத்தெருவில் நிற்க எனக்கு மனமில்லை. பாரம் வைத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

"நீங்க கேரியர்ல உட்காருங்க அண்ணி. மைதானத்தைச் சுத்தி வரலாம்."

"நானா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

ஆகவே விடிந்ததும் அம்மிக்கல்லைக் கோணிச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டினோம். அண்ணி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். மைதானத்தில் ராணுவ சிப்பாய்கள் சிலர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அம்மிக்கல்லுடன் ஒரு பெண் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவர்களுக்கு வரிசை கலைந்தது. மேடு, பள்ளம், வேர் முண்டு என்று எதையும் விடாமல் ஏற்றி இறக்கினேன். சக்கரத்தில் ஒரு சின்னக் குதிப்பு இருந்தது; அது கடைசிவரை போகவே இல்லை. உரசல் இல்லை, 'டிங்' இல்லை. மைதான ஓரத்தில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நின்ற அண்ணி, நான் பக்கத்தில் வந்து இறங்கியதும் சக்கரத்தைத்தான் முதலில் சுண்டிப் பார்த்தார். "அப்படியே இருக்குடி" என்றார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ஒக்கலிபுரத்துப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க, "வலி வந்துடுச்சு நர்ஸம்மா. கால் தெரியுதுன்னு பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்றாங்க" என்றார். ஜட்கா தேட நேரமில்லை. பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தேன். தண்டவாளத்து ஓரமாக வழி முழுக்கச் சேறும் ஜல்லியும். சக்கரத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பது வாசலில் இறங்கியபோதுதான் உறைத்தது.

சோப்பு கேட்டேன், வெந்நீர் கேட்டேன், அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பினேன். குழந்தை தலை முன்னால் வராமல் கால் முதலில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா?" என்றாள். "வந்துட்டேன். இனிமே நான் சொல்றப்ப மட்டும் முக்கணும். ஸ்வல்ப பொறு, கொஞ்சம் பொறு" என்றேன். அவள் பொறுத்தாள். உடம்பு வந்து, தோள் வந்து, தலை உள்ளே நின்ற அந்தச் சிறிது நேரத்தில் எனக்கு வேறு எந்த நினைவும் இல்லை. கை தெரிந்த வேலையைச் செய்தது. வெளியே வந்த குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்தேன். முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். பிறகு அழுகை. பெண் குழந்தை. வாசலில் மழையில் நின்றிருந்த குழந்தையின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா என் சைக்கிள் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன, ஹப்பில் சில இடத்தில் கம்பி விட்டுப்போயிருக்கே?"

"விட்டுத்தான் கட்டியிருக்கேன் டாக்டர்."

"யார் கட்டினது?"

"நானும் என் அண்ணியும்."

இன்னொரு தடவை பார்த்தார். "வார்டுக்கு மாற்றுவதாகச் சொன்னேன் அல்லவா, அதை விட்டுவிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சக்கரத்தில்தான் யுத்தம் முடியும்வரை ஓடினேன். நடுவில் ஒரு வெயில் காலத்தில் ஒரு கம்பி அறுந்தது; மிச்சமிருந்த ஒற்றைக் கம்பியைப் போட்டோம். சனிக்கிழமைகளில் பாடகர் குழு வருவதற்கு முன்னால் அண்ணி சக்கரத்தைச் சுற்றி வந்து சுண்டிப் பார்ப்பார். ஏதாவது இறங்கியிருந்தால் முற்றத்திலிருந்தே என்னைக் கூப்பிடுவார். சைக்கிளில் போகிற பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "அவ வேலை அது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேரியரில் மட்டும் அவர் கடைசிவரை உட்காரவே இல்லை.