மேலகரத்தில் கார் வாங்கிய அன்று

நானே நம்பாத ஒரு பேச்சை அன்று என் வாய் எப்படிச் சொன்னது? ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு விளங்கவில்லை.

குற்றால சீசனில் வாடகைக்கு ஓட்டுவதற்காக என் கணவர் ஒரு பழைய பிளஷர் கார் தேடிக்கொண்டிருந்தார். பழைய கார் வாங்கி விற்கும் தென்காசி வியாபாரி ஒருவர் எங்களை மேலகரத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். காரின் சொந்தக்காரர் பங்குனியில் இறந்துவிட்டாராம். நெஞ்சுவலி என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில், இந்தக் காரிலேயே உயிர் போய்விட்டதாம். அதனால்தான் மனைவி விற்கிறாள் என்று வியாபாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"வண்டி பிடிச்சிருந்தாலும் மூஞ்சியில காட்டிராத. ஏதாச்சும் குத்தம் சொல்லு" என்பது என் கணவரின் உத்தரவு. பேரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொல்லும்படி ஒரு குற்றமும் இல்லை. சீட்டு உறையைக்கூடத் துவைத்துப் போட்டிருந்தார்கள்.

வியாபாரி இஞ்சினை ஓடவிட்டார். "சத்தத்தக் கேளுங்க அண்ணாச்சி. பச்சப்புள்ள தூங்குத மாதிரி இருக்கு."

"தூங்குதது சரிதான். குத்தாலம் போறதுக்குள்ள முழிச்சு அழுதா யாரு தாலாட்டுதது?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் கடைசி இருநூறு ரூபாயில் வியாபாரி அசையவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"சாவு கண்ட வண்டி" என்றேன். "கைப்புள்ளய எந்தத் தைரியத்துல இதுல ஏத்துதது?"

எனக்கு அப்படியெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் படித்தவள். சகுனம் பார்க்கும் மாமியாரிடம் வாதாடுகிறவள்.

வியாபாரி என் பின்னால் பார்த்தார். திரும்பினேன். அந்த வீட்டு அம்மாள் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். என் குழந்தைக்காக ஆற்றிய பால், டம்ளரில் கையில் இருந்தது.

"அவங்க கேக்குத விலைக்கே குடுத்திருங்க அண்ணாச்சி" என்றாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "இந்தப் பால புள்ளைக்குக் குடுக்கலாம்லா?"

நான் வாங்கிப் புகட்டினேன். குழந்தை குடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

கார் நன்றாக ஓடுகிறது. குற்றாலத்துக்குப் போகும்போதெல்லாம் மேலகரம் வழியாகத்தான் போகிறது. நான் மட்டும் அதில் ஏறுவதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டு வரவா என்றால், "ஆறுன புண்ணப் போயிக் கீறாத. அவ மறந்திருப்பா" என்கிறார் என் கணவர். மறந்திருப்பாளா? என் மனம் ஆறுவதற்காக அவளை மறுபடி அழவைப்பது நியாயமா? அந்த இருநூறு ரூபாயை நீட்டினால் அது இன்னும் பெரிய அவமானம் அல்லவா?

இதைப் படிக்கும் சகோதரிகளில் கணவரை இழந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள். நான் போகட்டுமா, வேண்டாமா? போனால், வாசலில் நின்று முதலில் என்ன சொல்ல வேண்டும்?