வெளியே வைத்த படிக்கட்டு

கட்டட வாத்தியார் காலமானதை நேற்று நாளிதழில் படித்தேன். அலங்காரமில்லாத சிமெண்ட் கட்டடங்களின் முன்னோடி, மாணவர்களை வகுப்பிலிருந்து தெருவுக்கு அழைத்துப் போன ஆசிரியர் என்று எழுதியிருந்தார்கள். அவர் கட்டியவற்றில் பதினொன்றின் பெயர் இருந்தது. அதில் எங்கள் கோட்டைக்குப்பத்து மீன் ஏலக்கூடம் இல்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் வந்த முதல் நாள் டேப்பை எடுத்து, இடத்தை அளக்காமல் என் அம்மா மீன் சுமக்கும் அன்னக்கூடையை அளந்தார். பிறகு அம்மாவையும் அத்தையையும் தலையில் கூடையோடு எதிரெதிரே நடக்கச் சொன்னார். கூட வந்த நான்கு மாணவர்கள் அதை நோட்டில் வரைந்தார்கள்.

“இன்னா சார், கூடைக்கு சட்டை தைக்கப் போறியா?” என்றாள் அத்தை.

அவர் சிரித்துவிட்டு, இன்னொரு முறை நடக்கச் சொன்னார்.

கூடம் எழும்பியது. மேலே தட்டையான மொட்டைமாடி. படிக்கட்டு மட்டும் கட்டடத்துக்கு வெளியே, வேண்டாத அகலத்தில் இருந்தது.

“பெரிய படிப்பு படிச்ச மனுசன். படிக்கட்ட உள்ள வைக்க மறந்துட்டு வெளிய ஒட்ட வச்சிகீறாரு,” என்றார் என் நைனா. பள்ளிக்கூடம் முழுக்க நான் அதைச் சொல்லித் திரிந்தேன்.

திறப்பு விழாவன்று காலையில் அம்மா யாரையும் கேட்காமல் அந்த மாடியில் இரண்டு கூடை நெத்திலியைக் காயப் போட்டுவிட்டாள். பத்து மணிக்கு வாசனை விழா நாற்காலிகளை எட்டியது. அதிகாரி ஒருவர் மேலே போய்ப் பார்த்து, உடனே வாரச் சொன்னார். அரைகுறையாகக் காய்ந்ததை வாரிக் குவித்தால் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். அம்மா அசையாமல் படியிலேயே நின்றாள்.

வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார்.

“மன்னிச்சிக்க சார். மணல்ல போட்டா நாய் வுட மாட்டேங்குது, அதான்,” என்றாள் அம்மா.

அவர் நெத்திலியைப் பார்த்தார். “ரெண்டு கூடைதானா? மத்தவங்க ஏம்மா வரல?”

அதிகாரி இறங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் கூடைகளோடு வந்துவிட்டார்கள். மேடையில் பேசியவர்களை யாரும் கேட்கவில்லை. மாணவர்களும் கூடை சுமந்தார்கள். ஒருவன் சட்டையெல்லாம் மீன்தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே ஏறினான்.

ஏறிய கூடையும் இறங்கிய கூடையும் ஒரு முறைகூட இடித்துக்கொள்ளவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறதிக்காரராக இருந்தாலும் நல்ல மனிதர் என்று அன்று முடிவு செய்தேன்.