பத்தொன்பது நாள் குடித்தனம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அந்த அம்மாளுக்குக் கல்யாணம் இரண்டு. முதலாவது உலகத்துக்கே தெரியும். அக்கரை ஜனங்கள் கடைசி ஆள்வரை தாண்டி வரட்டும் என்று பாலத்தை விட்டு நகராமல் நின்று உயிரை விட்ட கேப்டன்தான் மாப்பிள்ளை. அவர் விழுந்த தேதியைத்தான் நாடு படைவீரர் நாள் என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது. பெரிய சதுக்கத்தில் வெண்கலமாக நிற்கிறார். அசல் ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம். மூக்கு வேறு யாருடையதோ.

அவரோடு அவள் குடித்தனம் நடத்தியது பத்தொன்பது நாள்.

இரண்டாவது கல்யாணம் பம்ப் மெக்கானிக்கோடு. கேப்டனின் படைப்பிரிவில் வண்டிகளைப் பழுதுபார்த்தவர். போர் முடிந்ததும் கேப்டனின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டு திறக்கவில்லை; திறந்து கொடுத்தார். மறுவாரம் குழாய் ஒழுகியது, அதற்கும் வந்தார். அப்புறம் எதுவும் ஒழுகாமலே வர ஆரம்பித்தார். ஆயிற்று, இருபத்திரண்டு வருஷம். ஒரே மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள்.

படைவீரர் நாளன்று மட்டும் அவள் கேப்டனின் மனைவி. காலை ஏழு மணிக்கு சர்க்கார் கார் வரும். மெக்கானிக் அவள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு, கார் தெருமுனை திரும்பும்வரை சமையலறையிலேயே எதையோ உருட்டிக்கொண்டிருப்பார். முன்னாள் வீரர்கள் வரிசையில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஒரு தடவைகூடப் போனதில்லை. "கூட்டம் எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிடுவார்.

இந்த வருஷத்து அழைப்பிதழில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'அவர் நினைவில் மட்டுமே வாழும் துணைவியார் மலர்வளையம் வைப்பார்.'

மெக்கானிக் அதை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்து இரண்டு முறை படித்தார்.

"அப்போ நான் யாரு? குடியிருக்க வந்தவனா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அவள் அப்போதே விழா அதிகாரிக்கு போன் போட்டாள். "சார், அந்த வரியை எடுத்துடுங்க. எனக்குப் புருஷன் இருக்காரு."

"அச்சாயிடுச்சும்மா. வாசிக்கும்போது விட்டுடச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தாள். "இந்தத் தடவை நீங்களும் வர்றீங்க. உங்க நாற்காலியிலேயே உட்காருங்க."

போனார்கள். அறிவிப்பாளர் அந்த வரியை ஒரு எழுத்து விடாமல் குரல் தழுதழுக்க வாசித்தார். அவள் மலர்வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். முன்னாள் வீரர்கள் எல்லோரும் சல்யூட்டை முடித்துக் கையை இறக்கியிருந்தார்கள். ஒரே ஒரு கை மட்டும் இறங்கவில்லை. மெக்கானிக்கின் முகம் கோணியிருந்தது. கண்ணீர் தாடையில் வழிவதுகூட அவருக்குத் தெரியவில்லை. இந்த மனுஷனுக்கும் கேப்டனைத் தேடுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது சர்க்கார் காரை அனுப்பிவிட்டு இருவரும் நடந்தார்கள். விடுமுறை நாள், கடைகள் அடைத்துக் கிடந்தன. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"அவர் குரல் எப்படிங்க இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு. வருஷா வருஷம் அந்தச் சிலையையே பார்த்துப் பார்த்து, முகமும் கலைஞ்சுட்டு வருது."

மெக்கானிக் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"கரகரன்னு இருக்கும். கோபம் வந்தா திக்கும். 'சா... சா... சாவி எங்கடா?'ம்பாரு. அவர் சாவின்னு முடிக்கிறதுக்குள்ள நாங்க வண்டியையே கொண்டுவந்து நிறுத்திடுவோம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும், "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள்.

"சொன்னாரு. கடைசி நாள் காலையில, வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. 'பத்தொன்பது நாள்ல பாதி நாளு வெட்கத்துலயே போச்சுடா. போனதும் அவகிட்ட நிறையப் பேசணும்'னாரு. அதைச் சொல்லத்தான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன்."

"இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அவரோடயே இருந்துடுவியோன்னு பயம்மா."

அவள் எழுந்து போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டாள். இரண்டு பஸ்கள் வந்து போயின. அவர் எழுந்திருக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. மறுநாளும் பேச்சில்லை.

மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்தவள், கையில் படிந்த லென்ஸ் தூளைக் கழுவிக்கொண்டே, "அவருக்கு டீயில சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்றாள்.

"மூணு."

அதிலிருந்து தினம் சாயந்திரம் அவள் ஒன்று கேட்பாள், அவர் ஒன்று சொல்வார். ஒரு மாதத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைச்சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தார். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.