நில்லு என்றால் யார் நிற்பது?

ஆம்பூரில் எங்கள் பகுதி மைதானத்துக்குக் காலை நடைக்கு வருபவர்கள், என்னைத் தவிர பதினோரு பேர். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

எஸ்.டி.டி. பூத் நடத்தும் ஸ்டெல்லாவுக்குப் பார்வை கிடையாது. அவரும் நடக்க வேண்டும் என்று, ஷூ கம்பெனிப் பெண்கள் மீந்த தோலை நீள வாராகத் தைத்து, மைதானத்தைச் சுற்றிக் கம்பங்களில் கட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் எல்லோரையும் முந்திவிடுவார்.

ஒரு மழைக்குப் பிறகு, நனைந்த வார் தொய்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வளைவில் ஸ்டெல்லா வாரோடு சேர்ந்து, மைதானத்தை ஒட்டிய கால்வாய்ப் பக்கம் விலகுவதைக் கண்டு, “நில்லு! நில்லு!” என்று கத்தினேன். பத்துப் பேர் நின்றார்கள். அவர் மட்டும் நடந்தார்.

“ஸ்டெல்லா, நில்லுடீ!” என்று அவருடைய தோழி வள்ளி அலறிய பிறகே, கால்வாய் விளிம்பில் நின்றார்.

“நான் கத்துனது காதுல விழலியாம்மா?” என்றேன் படபடப்போடு.

“விழுந்துச்சு சார். வழக்கம்போல பின்னாடி வர்ற நாய அதட்டுறீங்கன்னு நெனச்சேன். பேரச் சொன்னாதானே எனக்குன்னு தெரியும்?”

அவர் பெயரே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போதெல்லாம் நான் தலைகளை எண்ணுவதில்லை. வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். “இருக்கேன் சார்” என்று ஸ்டெல்லாவின் குரல் கேட்ட பிறகுதான் எங்கள் நடை தொடங்குகிறது.