மாமா என்றால் அங்கிள் இல்லை

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஆயிரம் பக்கம் சரியாகப் போட்டாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு வார்த்தை பிசகினால் ஒரு சர்க்காரே உட்கார்ந்து படிக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங், மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். என்னை மாதிரி ஃபாரத்தோடு மல்லுக்கட்டுகிற ஜென்மங்களுக்கு மீதி சொல்லாமலே புரியும்.

ஜல்தியில் செய்த வேலை

கூட்டேரிப்பட்டு செல்விக்குப் புருஷன் அமெரிக்காவில். அங்கே அவருக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி, விவாகரத்தும் முடிந்திருந்தது. அது குடியுரிமைக்காகச் செய்த பொய்க் கல்யாணம் என்று யாரோ புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான். ஒன்றும் நிரூபணமாகவில்லை, ஆனால் ஃபைலில் ஏறிவிட்டது. அதனால் செல்வியை அழைத்துக்கொள்ள அவர் மனு போட்டபோது, நிஜமான தம்பதிதானா என்று பார்க்க அந்த நாட்டுக் குடியேற்ற ஆபீசில் இருவரின் வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் இங்கிலீஷில் கேட்டார்கள்.

கட்டுக்கட்டாக இருந்தது. ‘மாமா சாப்ட்டியா’, ‘மாமா எப்ப வருவ’. நான் பாட்டுக்கு அங்கிள், அங்கிள் என்று தட்டிக்கொண்டே போய், சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். செல்வி தாளைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்: “இங்கிலீஷ்ல பாக்கவே எவ்ளோ அழகா கீதுக்கா!”

யார் அந்த ஆள்?

மாசக்கணக்கில் காத்திருந்து வந்த கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். மனு தள்ளுபடி. அந்தப் பெண் அவரை அங்கிள் என்றே அழைக்கிறாள்; சொந்தக்காரப் பெண்ணை அழைத்துவரக் கல்யாணம் என்று காட்டுகிறார்கள்; பழைய புகாரையும் சேர்த்துப் பார்த்தால் நம்புவதற்கில்லை.

ஐயோ பாவி, நான்தானே! பாதியில் கடிதத்தை மடித்துவிட்டேன். செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏங்க்கா நிறுத்திட்டீங்க? யாருக்கா அந்த அங்கிளு?”

விழுப்புரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது

அப்பீலுக்கு என் தப்பை நானே பிரமாணப் பத்திரமாக எழுதித் தருகிறேன் என்று அவளை விழுப்புரம் வக்கீலிடம் கூட்டிப்போனேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவாள் என்று விளக்கினேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்க வூட்டுக்காரர எப்படிம்மா கூப்புடுவீங்க?”

“மாமான்னுதான் சார்.”

“அப்போ ரேஷன் கார்டுலயும் அங்கிள்னு போட்டுக்கினீங்களா?”

செல்வி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

புதுப் பேச்சு

போன மாசம் பதில் வந்தது. விளக்கம் சரிதான், மனுவை மறுபடி விசாரிக்கிறோம், புது ஆதாரம் அனுப்புங்கள். அப்பாடா என்று இருந்தது. செல்வி புதுசாக எடுத்துவந்த பேச்சைப் பிரித்தேன். ஒரு இடத்திலும் மாமா இல்லை. புருஷன் பேரை இனிஷியலோடு முழுசாக எழுதி, ‘நலமா? நான் உங்கள் மனைவி செல்வி’ என்று தினமும் ஒரே மாதிரி அனுப்பியிருக்கிறாள். கீழே அவர் பதில் வரவரச் சின்னதாகி, கடைசிப் பக்கங்களில் வெறும் ‘ம்’ தான் இருந்தது.

“என்னடி இது?” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். “மாமான்னு எழுதவே பயமா கீதுக்கா. ஆபீசரு படிச்சிக்கினே கீறாப்ல தோணுது. அவரு, ‘நீ எங்கிட்ட பேசற மாரியே இல்ல’ன்னு சொல்லிட்டு இப்ப போனே எடுக்க மாட்டேங்கிறாரு.”

வார்த்தையைத் தப்பாக எழுதியதற்கு அப்பீல் ஃபாரம் இருக்கிறது. அதை ஒருத்தி வாயிலிருந்தே பிடுங்கிவிட்டதற்கு எந்த ஃபாரம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.